சீட்டு விழுந்த இடம்

லண்டனைச் சேர்ந்த மொழிபெயர்ப்பாளர் ஆர்தர் எட்வர்ட் வெயிட், டாரட் என்ற குறிச்சீட்டுகளைப் பற்றி 1911-ல் வெளியிட்ட புத்தகத்தில் சின்னதாக ஒரு விதி இருக்கிறது. குறி கேட்க வந்தவரின் இடத்தில் ஒரு சீட்டைத் தேர்ந்து மேசையின் நடுவில் வைக்க வேண்டும். அந்தச் சீட்டில் வரைந்திருக்கும் ஆள் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ, அந்தப் பக்கம் வரப்போகும் காலம். முதுகு காட்டும் பக்கம் போன காலம். முகம் நேரே இருந்தால், எந்தப் பக்கத்தை முன்பக்கமாகக் கொள்வது என்று குறிபார்ப்பவர் தொடங்குவதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும்.

இன்று கடைகளில் விற்கும் டாரட் கட்டுகளோடு வருகிற கையேடுகளில் இந்த விதியைக் காண்பது அரிது. இடப்பக்கம் போனது, வலப்பக்கம் வரப்போவது என்று அச்சடித்த வரைபடம் ஒன்றுதான் பெரும்பாலும் இருக்கும். சீட்டில் இருப்பவர் எங்கே பார்த்தாலும் காலம் ஒரே திசையில் ஓடும். நூறு ஆண்டுக்குள் ஒரு விதி உதிர்ந்துபோய் வேறொன்று அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. எந்தச் சபையும் கூடி இதை முடிவு செய்யவில்லை. யாரோ தம் வசதிக்கு ஒரு மாதிரி சீட்டைப் போட்டார். அதைப் புத்தகத்தில் எழுதினார். படித்தவர்கள் அதையே மரபு என்று எடுத்துக்கொண்டார்கள். சீட்டுகளை மேசைமேல் பரப்பும் முறைகளான டாரட் விரிப்புகளின் வரலாறு நெடுக இதே கதைதான்.

டாரட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் படங்களைப் பற்றியே அதிகம் பேசுவார்கள். மரணம், கோபுரம், தூக்கில் தொங்குபவன் என்று அந்தப் படங்கள் மனத்தை இழுப்பவை என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் குறி பார்ப்பதில் பாதி வேலையைச் செய்வது சீட்டு விழுந்த இடம். ஜாதகத்தில் செவ்வாய் ஏழாம் கட்டத்தில் இருந்தால் ஒரு பலன், பத்தாம் கட்டத்தில் இருந்தால் வேறு பலன். சீட்டும் அப்படித்தான்: போன காலத்துக்கான இடத்தில் விழும் மரணச் சீட்டு ஆறுதல், பயத்துக்கான இடத்தில் விழும் அதே சீட்டு எச்சரிக்கை. அந்த இடங்களை வகுத்துக் கொடுத்தவர்கள் யார், எந்த ஊரில், யாருக்காக வகுத்தார்கள் என்பதைத் தேடிப் போனால், பழைய ரகசியக் கோயில்களுக்குப் பதிலாகப் பாரிஸின் விதை வியாபாரி, லண்டனின் மொழிபெயர்ப்பாளர், நியூயார்க்கின் நடிகை என்று பெயரும் முகவரியும் உள்ள மனிதர்களே எதிர்ப்படுகிறார்கள்.

முதல் முந்நூறு ஆண்டுகள் டாரட் ஒரு சீட்டாட்டம். ஐரோப்பாவுக்குச் சீட்டுக்கட்டு வந்ததே 1370-களில்தான். அதற்கு எழுபது ஆண்டுகள் கழித்து வட இத்தாலியில், வழக்கமான நான்கு இனங்களோடு படம் வரைந்த துருப்புச் சீட்டுகளைத் தனியாகச் சேர்த்து ஆடத் தொடங்கினார்கள். 1440-ல் ஃபுளோரன்ஸிலும் 1442-ல் ஃபெராரா அரசவையின் கணக்கேட்டிலும் இதற்கான பதிவுகள் கிடைக்கின்றன. கோப்பை, வாள், தடி, காசு என்ற நான்கு இனங்களில் 56 சீட்டுகள், துருப்பு 22, ஆக 78. மிலானின் ஸ்ஃபோர்ஸா குடும்பத்துக்காகப் பொன்தகட்டின் மேல் வரையப்பட்ட ஒரு கட்டில் 74 சீட்டுகள் இன்றும் இருக்கின்றன. நியூயார்க் மார்கன் நூலகத்தில் 35, பெர்காமோ நகரின் கர்ராரா அருங்காட்சியகத்தில் 26, கொல்லேயோனி குடும்பத்திடம் 13 என்று அவை பிரிந்து கிடக்கின்றன. அவற்றை வரைந்தவர்கள் வருங்காலத்தை அறிய வரைந்ததாக ஒரு சான்றும் கிடையாது. ஆக்ஸ்போர்டின் தத்துவப் பேராசிரியர் மைக்கேல் டம்மெட் 1980-ல் எழுதிய பெரிய நூல் இதைத் தெளிவாக நிறுவியது. தர்க்கத்துக்கும் மொழித் தத்துவத்துக்கும் பெயர் பெற்ற ஒருவர் சீட்டாட்ட விதிகளைத் தேடிப் பல ஆண்டு உழைத்தது வியப்புக்குரியது. அந்த உழைப்பு இல்லாவிட்டால் டாரட் பழைய ரகசிய ஞானம் என்ற கட்டுக்கதைதான் இன்னும் வரலாறாக நடமாடியிருக்கும்.

ஆனாலும் ஆட்டத்துக்குள்ளேயே ஒரு வித்து இருந்தது. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலிய அவைகளில் துருப்புச் சீட்டுகளை அங்கே இருக்கும் சீமாட்டிகளுக்கு ஒவ்வொன்றாகப் பொருத்திச் செய்யுள் கட்டும் பொழுதுபோக்கு இருந்தது. 1527-ல் தியோஃபிலோ ஃபொலெங்கோ எழுதிய நூலில் ஒரு காட்சி வருகிறது. சிலர் துருப்புச் சீட்டுகளைப் பங்கிட்டு எடுத்துக்கொள்கிறார்கள். அவரவர் கைக்கு வந்த சீட்டுகளை வைத்து அவரவர் தலைவிதியைச் செய்யுளாகப் பாடச் சொல்லி ஒரு கவிஞனைக் கேட்கிறார்கள். இது குறி பார்ப்பது ஆகாது. ஆனால் தற்செயலாகக் கைக்கு வந்த சில படங்களைக் கோத்து ஒரு மனிதரைப் பற்றிப் பேசுவது என்ற செயல் இங்கே பிறந்துவிட்டது.

விரிப்பு என்று சொல்லத்தக்க ஒன்றைப் பற்றிய சுவையான பழைய கதை வெனிஸ் நகரத்துச் சாகசக்காரர் காஸனோவாவின் நினைவுக் குறிப்புகளில் வருகிறது. 1765-ல் ரஷ்யாவில் அவரோடு இருந்த ஸயீர் என்ற இளம் பெண் தினமும் சீட்டுப் போட்டுப் பார்ப்பாள். ஒரு நாள் இரவு முழுவதும் வெளியே கழித்துவிட்டு அவர் வீடு திரும்பியபோது, 25 சீட்டுகளைச் சதுரமாக அடுக்கி, அவர் எங்கே என்ன செய்தார் என்பதை அதிலிருந்து படித்துக் காட்டினாளாம். அவர் கட்டையே தூக்கித் தீயில் எறிந்தார். அது டாரட் கட்டு அல்ல, சாதாரணச் சீட்டுக்கட்டு. ஐந்துக்கு ஐந்து என்ற அந்தச் சதுரத்தை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதை அவர் எழுதவில்லை. எழுத்தில் வராமலேயே பெண்கள் கைமாற்றி வந்த ஒரு வித்தை, ஒரு ஆணின் தன்வரலாற்றில் ஓரமாக இப்படி எட்டிப் பார்க்கிறது.

ஏறக்குறைய அதே காலத்தில் இத்தாலியின் போலோன்யாவில் யாரோ ஒருவர் ஒற்றைத் தாளில் 35 டாரட் சீட்டுகளின் பெயர்களையும் எதிரே அவற்றின் பொருளையும் எழுதி வைத்தார். சீட்டுகளை ஏழு ஏழாக ஐந்து குவியல் போட வேண்டும் என்பது அதில் உள்ள குறிப்பு. அந்தத் தாளைப் பல்கலைக்கழக நூலகத்தில் கண்டெடுத்து 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளியிட்டவர் ஃபிராங்கோ பிராத்தேசி என்ற ஆய்வாளர். டாரட் சீட்டை வைத்துக் குறி பார்த்ததற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று இதுவே. எகிப்தும் இல்லை, தேவதைகளும் இல்லை. ஒரு தாள், ஐந்து குவியல்.

எகிப்து வந்தது 1781-ல். பாரிஸில் அந்துவான் கூர் த ஜெபலின் என்ற புராட்டஸ்டன்ட் அறிஞர் தம் பெருநூலின் எட்டாம் தொகுதியில், டாரட் என்பது எகிப்தியக் குருமார்கள் சீட்டாட்டத்தின் உருவில் ஒளித்து வைத்த ஞான நூல் என்று எழுதினார். எகிப்திய எழுத்தைப் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் வாசித்துக் காட்டியது 1822-ல். ஆகவே மறுத்துப் பேச அன்று எவராலும் முடியவில்லை. அதே தொகுதியில் மெல்லே பிரபு எழுதிய இன்னொரு கட்டுரை சீட்டை வைத்துக் குறி பார்க்கும் ஒரு முறையையும் விளக்கியது. இரண்டும் சேர்ந்து பாரிஸில் புதிய ஆவலைக் கிளப்பிவிட்டன.

அந்த ஆவலைத் தொழிலாக்கியவர் ழான் பாப்திஸ்த் அலியெத். 1738-ல் பாரிஸில் பிறந்தவர். விதை வியாபாரம் செய்தவர், அச்சுப்படங்களும் விற்றவர். தம் குடும்பப் பெயரைக் கடைசி எழுத்திலிருந்து திருப்பி எழுதி எத்தேயா என்று வைத்துக்கொண்டார். 1770-லேயே, எகிப்துக் கதை வருவதற்கு முன்பே, 32 சீட்டுகள் கொண்ட சாதாரணக் கட்டை வைத்துக் குறி பார்ப்பது எப்படி என்று ஒரு புத்தகம் போட்டிருந்தார். அதில் 33-வதாக ஒரு வெற்றுச் சீட்டைச் சேர்த்தார். குறி கேட்க வந்தவரைக் குறிப்பதற்காக அந்தச் சீட்டு. மேசைமேல் மனிதருக்கென்று ஓர் இடம் ஒதுக்கிய இந்த ஒரே காரியத்துக்காக அவரை நினைவில் வைக்கலாம். அதற்குப் பின் மற்ற சீட்டுகள் எல்லாம் அவருக்கு முன்னால், பின்னால், பக்கத்தில், தூரத்தில் என்று ஆகிவிட்டன. தலைகீழாக விழும் சீட்டுக்கு வேறு பொருள் என்பதை அச்சில் முறையாக எழுதியவரும் அவரே.

1789-ல், பிரெஞ்சுப் புரட்சி வெடித்த ஆண்டில், குறி பார்ப்பதற்கென்றே வடிவமைத்த முதல் டாரட் கட்டை எத்தேயா வெளியிட்டார். ஒன்றாம் சீட்டு கேட்க வந்த ஆண், எட்டாம் சீட்டு கேட்க வந்த பெண். அவர் வகுத்த விரிப்புகள் இன்றைய மூன்று சீட்டு, ஐந்து சீட்டு வகையறா அல்ல. 78 சீட்டுகளையும் கலைத்து 26, 26, 26 என்று மூன்று கட்டாக வெட்டி, நடுக்கட்டைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். மீதியைக் கலைத்து 17 வீதம் மூன்றாகப் பிரித்து, மறுபடி நடுக்கட்டை எடுக்க வேண்டும். பிறகு 11 வீதம். கடைசியில் 26 ஆன்மாவுக்கு, 17 அறிவுக்கு, 11 உடலுக்கு. இது ஒரு விரிப்புதான். 66 சீட்டுகளை வைத்துப் போன காலம், நிகழ்காலம், வருங்காலம் மூன்றையும் ஒரு பெரிய உருவமாகப் பரப்பும் இன்னொன்றும் உண்டு. ஆம், இல்லை என்ற விடைக்கு மட்டும் ஏழு சீட்டை வலமிருந்து இடமாகப் போட்டால் போதும்.

இந்தப் பிரம்மாண்டத்தைப் பார்த்தால் அவரிடம் வந்தவர்கள் எதற்கு வந்தார்கள் என்பது புரிகிறது. ஒரு கேள்வியோடு வந்தவருக்கு 66 சீட்டு தேவையில்லை. தம் வாழ்க்கை முழுவதையும் ஒரே பிற்பகலில் மேசைமேல் பார்த்துவிட விரும்பியவர்களுக்கான விரிப்பு அது. நாளை என்ன நடக்கும் என்று மன்னருக்கே தெரியாத ஒரு நகரத்தில் அந்த விருப்பம் எழுந்தது இயல்பே. எத்தேயா 1791-ல் இறந்தார்.

அவருக்குப் பின் பாரிஸின் குறி உலகை ஆண்டவர் மரி ஆன் லெநொர்மான். 1772-ல் அலான்சோனில் பிறந்து, தூர்நோன் தெருவில் இருந்தபடி நாற்பது ஆண்டுக்கு மேல் குறி சொன்னவர். நெப்போலியனின் மனைவி அரசி ஜோசஃபினும் தம்மிடம் வந்ததாக அவரே எழுதினார். 1809 டிசம்பரில் நெப்போலியனின் போலீஸ் அவரைக் கைது செய்தது. அந்தக் கைதைப் பற்றியே 1814-ல் ஒரு புத்தகம் எழுதி விற்றார். இன்று லெநொர்மான் சீட்டு என்று உலகம் முழுவதும் விற்கும் 36 சீட்டுக் கட்டுக்கும் அவருக்கும் நேர்த் தொடர்பு கிடையாது. நியூரம்பெர்க்கைச் சேர்ந்த ஹெக்டெல் 1799 வாக்கில் உருவாக்கிய ஒரு வீட்டு விளையாட்டு அது. 36 சீட்டுகளையும் ஆறுக்கு ஆறு சதுரமாக அடுக்கி, பகடை உருட்டிக் காய் நகர்த்த வேண்டும். நங்கூரச் சீட்டை அடைந்தவர் வென்றார். லெநொர்மான் 1843-ல் இறந்த சில ஆண்டுகளில் ஜெர்மானியப் பதிப்பாளர்கள் அந்தச் சீட்டுகளுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். ஆட்டத்தில் எல்லாச் சீட்டையும் பரப்பிய பழக்கம் குறியிலும் தொடர்ந்தது போலும்: லெநொர்மான் முறையின் பெரிய விரிப்பில் இன்றும் 36 சீட்டும் மேசைக்கு வருகின்றன, ஒன்பது வீதம் நான்கு வரிசை அல்லது எட்டு வீதம் நான்கு வரிசையும் கீழே நான்கும். எல்லாச் சீட்டும் வந்துவிடுவதால் எது வந்தது என்ற கேள்விக்கே இடமில்லை. கேட்க வந்தவரின் சீட்டுக்கு எது அருகே, எது தொலைவே என்பது மட்டுமே குறி.

லண்டனில் கதை வேறு திசையில் போனது. 1888-ல் தொடங்கிய கோல்டன் டான் என்ற ரகசியச் சங்கத்தில் கவிஞர் யேட்ஸ், நடிகை ஃபுளோரன்ஸ் ஃபார் முதலியோர் இருந்தார்கள். சங்கத்தின் மூளையாக விளங்கிய மேக்கிரெகர் மேதர்ஸ் காலத்தில் உறுப்பினர்களுக்குக் கற்பிக்கப்பட்ட விரிப்பில் ஐந்து கட்டங்கள். முதல் கட்டத்தில் கட்டை நான்காக வெட்டி, கேட்க வந்தவரின் சீட்டு எந்தக் குவியலில் இருக்கிறது என்று தேட வேண்டும். தொழில், காதல், தொல்லை, பணம் என்று நான்கு குவியலுக்கும் நான்கு துறை. சீட்டு இருக்கும் குவியலை வைத்து, அவர் எதற்காக வந்திருக்கிறார் என்பதை அவர் வாய் திறப்பதற்கு முன்பே குறிபார்ப்பவர் சொல்ல வேண்டும். தவறினால் சீட்டை மூடிவிட வேண்டும்.

இந்த நிபந்தனை மதிக்கத்தக்கது. இங்கே சொல்லும் முறைகளில், குறி சொல்பவர் தம்மையே சோதித்துக்கொள்ளும் வழியை விரிப்புக்குள் வைத்தது இந்த ஒரு முறைதான்.

சோதனையில் தேறினால் அடுத்த கட்டங்கள் வரும்: ஜாதகத்தின் பன்னிரண்டு பாவங்களுக்குப் பன்னிரண்டு குவியல், பன்னிரண்டு ராசிக்கு மறுபடி பன்னிரண்டு, பிறகு ராசியை மூன்றாகப் பகுத்த 36 பிரிவுகள், கடைசியில் யூத மறைஞான மரத்தின் பத்துக் கிளைகள். அந்த 36 பிரிவுகள் நம்மூர் ஜோசியர்களுக்குப் பழக்கமானவை. திரேக்காணம் என்று நாம் சொல்வதும் அதே கிரேக்க மூலத்திலிருந்து வந்தது. சீட்டு தலைகீழாக விழுந்ததா என்பதைக் கோல்டன் டான் சங்கத்தினர் பார்க்கவில்லை. பக்கத்துச் சீட்டு நெருப்பா நீரா என்று பார்த்து, ஒன்று மற்றொன்றை வலுவாக்குகிறதா மங்கச் செய்கிறதா என்று கணித்தார்கள். முழுதாகச் செய்து முடிக்கப் பல மணி நேரம் ஆகும். சங்கத்தின் முன்னாள் உறுப்பினர் அலெய்ஸ்டர் குரோலி 1944-ல் இருநூறே பிரதிகள் அச்சிட்ட தம் டாரட் நூலிலும் இந்த முறையைச் சேர்த்தார். ஆனாலும் இது பொதுமக்களிடம் என்றும் பரவவில்லை.

பரவியது வெயிட்டின் பத்துச் சீட்டு.

1909 டிசம்பரில் லண்டனின் ரைடர் பதிப்பகம் வெளியிட்ட கட்டுக்கு யோசனை வெயிட்டுடையது, படங்கள் பமீலா கோல்மன் ஸ்மித்துடையவை. அமெரிக்கப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்து, ஜமைக்காவில் சில காலம் வளர்ந்து, புரூக்ளினில் ஓவியம் படித்தவர் அவர். சில மாதங்களில் மொத்தக் கட்டையும் வரைந்து முடித்தார். பெரிய வேலைக்கு மிகக் குறைந்த காசு என்று அந்த நவம்பரில் புகைப்படக் கலைஞர் ஸ்டீக்லிட்ஸுக்குக் கடிதம் எழுதினார். அதுவரை பழைய கட்டுகளில் மூன்று வாள் என்றால் மூன்று வாள்கள் மட்டும், ஐந்து கோப்பை என்றால் ஐந்து கோப்பைகள் மட்டும் இருக்கும். ஸ்மித் அந்தச் சின்னச் சீட்டுகளிலும் மனிதர்களை வரைந்தார்: கவிழ்ந்த கோப்பைகளின் முன் கறுப்பு மேலங்கியோடு நிற்பவர், படுக்கையில் எழுந்து உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டவர், பனியில் நொண்டி நடக்கும் ஏழைகள். 15-ஆம் நூற்றாண்டின் சோலா பூஸ்கா என்ற இத்தாலியக் கட்டு ஒன்று ஏற்கெனவே இதைச் செய்திருந்தது. ஆனால் அச்சில் பரவி எல்லார் கைக்கும் வந்தது ஸ்மித்தின் கட்டு. சீட்டுகளை வரிசையாகப் போட்டால் ஒரு கதை தானே ஓடுகிறது என்ற அனுபவம் அவர் கையால் வந்தது. அவர் 1951-ல் கார்ன்வாலில் கடனோடு இறந்தார். கட்டு நெடுங்காலம் ரைடர் வெயிட் என்றே அழைக்கப்பட்டது. வெளியிட்டவர் பெயரும் யோசனை சொன்னவர் பெயரும் அதில் இருந்தன, வரைந்தவர் பெயர் இல்லை. இது பெரிய அநீதி. வெயிட் ஸ்மித் கட்டு என்று பலர் திருத்திச் சொல்லத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான்.

வெயிட் தம் புத்தகத்தில் மூன்று விரிப்புகள் தந்தார். ஒன்றுக்கு 42 சீட்டு, இன்னொன்றுக்கு 35. மூன்றாவது, பழைய கெல்டிக் முறை என்று அவர் பெயரிட்ட, இன்று கெல்டிக் சிலுவை எனப்படும் பத்துச் சீட்டு விரிப்பு. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் பல ஆண்டுகளாகத் தனியாகப் புழங்கியது என்று அவர் கூறினார். பழங்கால ஐரோப்பிய இனமான கெல்டியரின் காலத்தில் அங்கே சீட்டுக்கட்டே கிடையாது. பெயரில் உள்ள பழமைக்கு ஆதாரம் எதுவும் இல்லை. கேட்க வந்தவரின் சீட்டை மூடியபடி ஒன்று, அதன் குறுக்கே ஒன்று, தலைக்கு மேல், காலடியில், பின்னால், முன்னால் என்று ஆறு. வலப்பக்கம் கீழிருந்து மேலாக நான்கு: அவர் தாம், அவர் வீடு, அவர் நம்பிக்கையும் அச்சமும், கடைசியாக முடிவு. ஒரு மனிதரை நடுவில் நிறுத்தி, அவரை அழுத்துவது, தடுப்பது, தாங்குவது எல்லாம் எங்கே இருக்கின்றன என்று ஒரே பார்வையில் காட்டும் இந்த அமைப்பின் அழகு எளிதில் மறக்கக் கூடியதல்ல. நம்பிக்கைக்கும் அச்சத்துக்கும் சேர்த்து ஒரே இடம் கொடுத்தது அதில் எல்லாவற்றையும் விட நுட்பமானது. மகள் வெளிநாட்டில் வேலைக்குப் போக வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் தாய்க்கு அதே விஷயம்தான் பயமும்.

பத்தாம் சீட்டில் முடிவு தெளிவாக வரவில்லை என்றால், அந்தச் சீட்டையே நடுவில் வைத்து மறுபடி தொடங்கலாம் என்றும் வெயிட் வழி சொல்லியிருந்தார்.

நடுச்சீட்டைத் தேர்வதற்கு அவர் தந்த கணக்கு வேறு உலகத்தைச் சேர்ந்தது. பொன்னிற முடியும் நீலக் கண்ணும் உள்ளவருக்குத் தடி இனம். வெளிர் பழுப்பு முடிக்குக் கோப்பை. அடர் பழுப்பு முடிக்கு வாள். கறுத்த முடியும் கறுத்த கண்ணும் உள்ளவருக்குக் காசு. நாற்பது வயதைத் தாண்டிய ஆணுக்கு வீரன் சீட்டு, தாண்டாதவருக்கு ராஜா. பெண்ணுக்கும் அப்படியே, நாற்பதுக்கு மேல் ராணி, கீழே இருந்தால் சேவகன். இந்தக் கணக்கில் தமிழ்நாடு முழுவதும் காசு இனத்தில் அடங்கிவிடும். எட்வர்ட் மன்னர் காலத்து லண்டன் வரவேற்பறையில் எதிரே உட்காரக் கூடியவர்கள் யார் என்பதை மனத்தில் வைத்து எழுதிய விதி அது. பிற்காலக் குறிபார்ப்பவர்கள் பலர் நடுச்சீட்டையே கைவிட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நடுச்சீட்டு போனபோது, அதன் முகம் எந்தப் பக்கம் என்று பார்க்கும் விதியும் கூடவே போயிற்று.

அட்லாண்டிக்குக்கு அப்பால் இந்த விரிப்பை வீட்டுக்கு வீடு கொண்டுபோனவர் ஈடன் கிரே. 1901-ல் சிக்காகோவில் பிறந்தவர். மேடையிலும் திரையிலும் நடித்தவர். பிறகு நியூயார்க்கில் புத்தகக் கடையும் பதிப்பகமும் நடத்தியவர். வெயிட்டின் முடிச்சு விழுந்த நடையை அவிழ்த்து, 1960-ல் முதல் நூலையும் 1970-ல் முழு வழிகாட்டியையும் எழுதினார். ஓர் எளிய படம், இடத்துக்கு ஓரிரு வரி விளக்கம். சமையலறை மேசையில் வைத்துப் படிக்கலாம். சீட்டுகளும் அப்போதுதான் எளிதாகக் கிடைக்கத் தொடங்கின. 1968-ல் நியூரம்பெர்க் பொம்மைச் சந்தையில் ஒரு சுவிஸ் டாரட் கட்டைப் பார்த்த ஸ்டூவர்ட் கப்லான் அதை அமெரிக்காவுக்கு வாங்கி விற்றார். அவர் தொடங்கிய நிறுவனம் சில ஆண்டுகளில் ரைடர் கட்டையும் வெளியிடத் தொடங்கியது. கிரேயைப் பின்பற்றி எழுதியவர்கள் மேல், கீழ், முன், பின் சீட்டுகளின் வரிசையை ஆளுக்கொரு விதமாக மாற்றினார்கள். ஒரே பெயரில் பல கெல்டிக் சிலுவைகள் இன்று இருப்பது அதனால்தான்.

குறி பார்ப்பதில் நம்பிக்கை இல்லாத ஒருவர் விரிப்பின் உள்ளியக்கத்தை இவர்கள் எல்லாரையும் விட ஆழமாகக் கண்டுகொண்டார் என்று சொல்லத் தோன்றுகிறது. இத்தாலிய எழுத்தாளர் இதாலோ கால்வினோ ஸ்ஃபோர்ஸா கட்டின் படங்களை வைத்து 1969-ல் ஒரு கதைத் தொகுதி எழுதினார். காட்டைக் கடந்து ஒரு கோட்டைக்கு வந்து சேர்ந்த வழிப்போக்கர்கள் பேச்சை இழந்துவிடுகிறார்கள். டாரட் சீட்டுகளை மேசைமேல் வரிசையாக வைத்து ஒவ்வொருவரும் தம் கதையைச் சொல்கிறார்கள். ஒருவர் வைத்த வரிசையை அடுத்தவர் வரிசை குறுக்கே வெட்டுகிறது. ஒரே சீட்டு ஒருவர் கதையில் ஒன்றாகவும் மற்றவர் கதையில் வேறாகவும் ஆகிறது. கடைசியில் மேசை முழுவதும் குறுக்கெழுத்துக் கட்டம் போல நிரம்பிவிடுகிறது. 1973-ல் மார்சேய் என்ற பழைய பிரெஞ்சு டாரட் கட்டை வைத்து எழுதிய இரண்டாம் பகுதியும் சேர்ந்து புத்தகமாக வந்தது. இடம் மாறினால் பொருள் மாறும் என்பதை எத்தேயா விதியாகச் சொன்னார். கால்வினோ அதையே ஒரு புனைவின் எலும்புக்கூடாக்கினார்.

திரைப்பட இயக்குநர் அலெஹாந்த்ரோ ஹொதொரோவ்ஸ்கி பாரிஸில் பல ஆண்டுகள் புதன்கிழமைதோறும் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து, காசு வாங்காமல் சீட்டுப் பார்த்தார். வருங்காலத்தைச் சொல்ல மறுப்பது அவர் கொள்கை. எதிரே இருப்பவர் இன்று எங்கே சிக்கிக்கொண்டிருக்கிறார் என்பதே அவர் கேள்வி. அவருக்குப் பெரும்பாலும் மூன்று சீட்டு போதும். பழைய மார்சேய் அச்சுகளை ஒப்பிட்டு 1997-ல் பிலிப் காமுவாங்கோடு சேர்ந்து அவர் மீட்டெடுத்த கட்டில் பார்வைக்குத் தனி மதிப்பு. சீட்டில் இருப்பவர் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்து அங்கே சீட்டு இல்லை என்றால், அவர் எதைப் பார்க்கிறார் என்று அறிய அங்கே இன்னொரு சீட்டை வைக்க வேண்டும். எனவே விரிப்பின் அளவு முன்கூட்டியே முடிவாவதில்லை. பார்வை நிற்கும் இடத்தில் விரிப்பும் நிற்கும்.

அமெரிக்காவில் 1980-களில் நடந்த மாற்றம் வேறு வகை. குறி சொல்பவரும் கேட்பவரும் ஒரே ஆளாக ஆனார்கள். அதற்கு முன் தனக்குத் தானே சீட்டுப் போடக் கூடாது என்ற எண்ணம் பரவலாக இருந்தது. டாரட் எழுத்தாளர் மேரி கிரீர் 1984-ல் வெளியிட்ட பயிற்சி நூல் அதைத் தலைகீழாக்கியது. நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு, சீட்டுகளை எழுதி, இந்தச் சீட்டைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது என்று தன்னையே கேட்டு எழுதச் சொன்னது. இன்னொரு டாரட் எழுத்தாளர் கெய்ல் ஃபேர்ஃபீல்ட் தம் நூலில் இன்னும் ஒரு படி போனார். விரிப்பைப் பிறரிடமிருந்து வாங்க வேண்டாம், கேள்விக்கு ஏற்ப நீங்களே இடங்களை வகுத்துக்கொள்ளுங்கள் என்றார். வேலையை விடலாமா என்பது கேள்வி என்றால், விட்டால் கிடைப்பது, விட்டால் போவது, இருந்தால் கிடைப்பது, இருந்தால் போவது என்று நான்கு இடம் போதும். சீட்டு எடுக்கும் முன்பே கேள்வி பாதி தெளிந்துவிடும் என்பது இப்படிச் செய்து பார்ப்பவர்கள் பலரின் அனுபவம்.

அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் பொல்லாக் 1980-லும் 1983-லும் இரு பாகங்களாக எழுதிய நூல், வெயிட் ஸ்மித் கட்டைப் படிப்பவர்களுக்கு இன்றும் அடிப்படை. கெல்டிக் சிலுவையின் முடிவுச் சீட்டு ஒருவரை விதியின் முன் கைகட்டி நிற்கவைப்பதாக அவர் கருதியிருக்க வேண்டும்; தம் நூலில் வேலைச் சுழற்சி என்ற விரிப்பையும் சேர்த்து, என்ன நடக்கும் என்பதை விட என்ன செய்யலாம் என்பதற்கு அதில் அதிக இடம் தந்தார். பின்னாளில் தனிமனிதரின் கேள்வியையே விட்டுவிட்டு வேறு கேள்விகளைச் சீட்டின் முன் வைத்தார். ஆன்மா என்பது என்ன? டாரட் என்பது என்ன? 2002-ல் வந்த நூலில் இத்தகைய விரிப்புகளை விரிவாக எழுதியிருக்கிறார். உலகைப் படைக்கும் முன் கடவுளுக்கு நீ காட்டிய விரிப்பு எது என்று ஒரு முறை சீட்டிடமே கேட்டு, விழுந்த சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து விளக்கினார். அவர் 2023-ல் இறந்தார்.